அணியத்தில் படுத்தவர்

மாடம்பாக்கத்தில் எங்கள் தெருவில் தாவீது என்றால் பலருக்குத் தெரியாது. ஃபைபர்காரர் என்றால் தெரியும். அவருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. யாராவது புதிதாக வந்து "ஃபைபர் பட்டறை இதுதானா?" என்று கேட்டால், "பட்டறை இதான். ஃபைபர்காரி உள்ள கீறா, போய்க் கேளு" என்பார்.

சொன்னதில் பொய் இல்லை. பட்டறை அவருடைய மாமனார் தனசிங் போட்டது. தண்ணீர்த் தொட்டி மூடி, ஷேர் ஆட்டோக் கூரை, கட்டட வேலை நடக்கும் இடங்களில் நிறுத்தும் கழிப்பறைக் கூடு, டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆட்டுக்குட்டியும் ஒட்டகமும் என்று எல்லாவற்றுக்கும் தனசிங் மோல்டு, அதாவது அச்சு, செய்து வைத்துவிட்டுப் போனார். அவர் மகள் செல்வமேரி சிறுமியாக இருந்தபோதே மோல்டுகளுக்கு மெழுகு தேய்த்துப் பழகியவர். தாவீது கல்யாணத்துக்குப் பிறகு அந்தத் தொழிலுக்குள் வந்தவர். நன்றாகவே கற்றுக்கொண்டார். ஆனாலும் தன்னைப் படகுக்காரன் என்றுதான் சொல்லிக்கொள்வார்.

என் வீட்டின் பின்சுவரை ஒட்டித்தான் பட்டறை. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மாலை நேரங்களில் அங்கே போய் உட்காருவது வழக்கமாகிவிட்டது. கீழே எழுதுவதில் பெரும்பகுதி நான் நேரில் பார்த்தது. மற்றவர் சொல்லிக் கேட்டதைக் கேட்டது என்றே குறிப்பிடுகிறேன்.

மெழுகைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஃபைபர் வேலையில் மோல்டின் மேல் ரெசின் என்ற பிசினை ஊற்றுமுன் மெழுகு தேய்த்துத் துடைப்பார்கள். அந்தக் கண்ணுக்குத் தெரியாத பூச்சு இருந்தால்தான் செய்த பொருள் ஒட்டாமல் கழன்று வரும். இல்லாவிட்டால் பொருளும் மோல்டும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு இரண்டுமே வீண். தனசிங் வைத்துவிட்டுப் போன முறைப்படி, சனிக்கிழமை மாலை பட்டறையின் கடைசி வேலை மெழுகு. ஞாயிறு கோயில். திங்கள் வந்ததும் நேரே ரெசின் கலக்கலாம். செல்வமேரி சனிக்கிழமை டப்பாவும் துணியுமாக ஒரு சுற்று வருவார். தேய்த்துத் துடைத்துத் தயாராக நிற்கும் எதையும் விடமாட்டார். யாரையும் கேட்கவும் மாட்டார்.

தாவீது பிறந்தது கோவளம் குப்பத்தில். அவருக்கு மீசை முளைக்கிற வயதில், பல்லாவரத்தில் தோல் தொழிற்சாலை வைத்திருந்த பாட்சா சாகிப் வெளிநாட்டிலிருந்து ஒரு வேகப் படகை வரவழைத்து முட்டுக்காட்டுக்குத் தெற்கே உப்பங்கழியில் இறக்கினார். ஒல்லியான, தட்டையான ஃபைபர் படகு. அதற்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய இன்ஜின் பின்னால் தொங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சாகிப்பும் அவர் சிநேகிதர்களும் பந்தயம் விடுவார்கள். விசையைத் திருகியதும் அந்தப் படகு மூக்கைத் தூக்கும். தூக்கவிடாமல் அழுத்த அணியத்தில், அதாவது முன்மூக்கில், ஓர் ஆள் குப்புறப் படுக்க வேண்டும். அந்த ஆள்தான் தாவீது. அவர்கள் வைத்த பெயர் "வெயிட்டு".

"வெயிட்டு எங்கடா, கூப்புடுங்கடாம்பாங்க சார். எம் பேரு அவுங்களுக்குத் தெரியுமான்னே எனுக்கு டவுட்டு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

படகைக் கழுவியது அவர். இழுத்துக் கரையேற்றியது அவர். பெட்ரோல் சுமந்தது அவர். ஓட்ட மட்டும் விடவில்லை. கேட்கும்போதெல்லாம் சாகிப், "அடுத்த வாரம் நீ ஓட்டு" என்பாராம். அடுத்த வாரம் யாராவது விருந்தாளி வந்துவிடுவார். ஒரே ஒரு தடவை தாவீது சுக்கானுக்கு முன்னால் உட்கார்ந்தே விட்டார். கரையில் ஒரு கார் வந்து நின்றது. சாகிப்பின் மைத்துனர் இறங்கினார். தாவீது எழுந்து முன்னால் போய்ப் படுத்துக்கொண்டார். சில வருடங்களில் சாகிப்புக்கு உடம்பு முடியாமல் போக, படகைப் படப்பையில் ஒரு கிடங்கில் போட்டு மூடினார்கள். தாவீது கல்யாணம் செய்துகொண்டு மாடம்பாக்கம் வந்தார்.

இந்தக் கதையைப் பட்டறையில் எல்லோரும் பலமுறை கேட்டிருக்கிறார்கள். தாவீது இதைச் சொல்ல ஆரம்பித்தாலே செல்வமேரி எழுந்து போய்விடுவார்.

போன வருடம் மழைக்காலம் முடிந்ததும் அந்தப் படகு ஒரு மினி லாரியில் பட்டறை வாசலுக்கு வந்தது. கூட வந்தவர் சாகிப்பின் மகன் ஷாகுல். நாவலூரில் ஆபீஸ்களுக்கு உள்ளலங்காரம் செய்து தரும் தொழில். நாற்பதைத் தாண்டியவர், மரியாதை தெரிந்த மனிதர்.

"அண்ணே, கெடங்க இடிக்கப் போறாங்க. எங்க அபார்ட்மென்ட்ல இத வைக்க விடமாட்டாங்க. கிழக்குக் கடற்கரைச் சாலையில ஒரு ரிசார்ட்காரர் எடுத்துக்கறேன்னாரு. ஆனா இது அத்தா ஓட்டின படகு. ஒரு தடவையாவது தண்ணியில ஓடிட்டுப் போகட்டும்னு இருக்கு."

தாவீது படகின் பின்புறம் போய் நின்றார். இன்ஜின் மாட்டுகிற பின்பலகையை உள்ளங்கையால் தடவினார். ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஓட்டை ஒன்றில் குத்தினார். பிடிவரை உள்ளே போயிற்று. வெளியே இழுத்ததும் கறுப்புத் தண்ணீர் சொட்டியது.

"வெளிய ஃபைபரு, உள்ள கட்டை. கட்டை பூரா ஊறிப் பூச்சு. இதுல இன்ஜின மாட்னா பேத்துக்கினு பூடும்."

"சரி பண்ண முடியுமா?"

"முடியும். யாரு ஓட்றது?"

ஷாகுல் சிரித்தார். "நீங்கதான். முதல் ஓட்டம் உங்களோடது. அப்புறம்தான் ரிசார்ட்."

"உங்கப்பாவும் இதாம்பா சொன்னாரு."

"அத்தா வேற, நான் வேற அண்ணே. ஆள் முன்னாடி சொல்றேன். சார் சாட்சி" என்று என்னைக் காட்டினார்.

அதற்குப் பிறகு தாவீது வேறு மனிதராக இருந்தார். தொட்டி மூடிக்கு ஆள் வந்தால் அன்புவைக் கைகாட்டிவிடுவார். அன்பு பட்டறையில் நெடுநாளாக வேலை செய்பவர், குடும்பஸ்தர். படகின் பின்பலகை உள்ளும் புறமும் ஃபைபர் தோல், நடுவில் மரம் என்று அமைந்தது. தாவீது உள்தோலை அறுத்தெடுத்தார். அழுகிய மரத்தை உளியால் சுரண்டிச் சுரண்டி வெளியே போட்டார். சாக்கடையும் பழைய பெட்ரோலும் கலந்த நாற்றம் என் வீட்டுச் சமையலறைவரை வந்தது. அட்டையை வெட்டி அளவு எடுத்தார். பலகை நேராக நிற்கக் கூடாது, பின்னால் சற்றுச் சாய்ந்து நிற்க வேண்டும். அந்தச் சாய்வு மாறினால் இன்ஜின் தண்ணீரை உதைக்கும் கோணம் மாறிவிடும். அந்த அட்டையை வைத்துப் பார்ப்பதும் எடுத்துச் செதுக்குவதுமாக இருந்தார்.

"ரோஸி, உங்கப்பா ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கினாரு, பாரு" என்று செல்வமேரி மகளிடம் சத்தமாகச் சொல்வார். "பொண்ணு கோவளம். ரொம்ப நாளு பழக்கமாம்."

ரோஸி சிரிப்பாள். தாவீது சிரிக்க மாட்டார். இரவுச் சாப்பாட்டிலும் அந்தப் படகைப் பற்றி மனைவியிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாராம். இது ரோஸி சொன்னது. மனைவி கேலி செய்வாள் என்பதற்காகப் பேசவில்லையா, இது அவள் அப்பன் வீட்டு வேலை இல்லை என்பதற்காகப் பேசவில்லையா, எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மதியம் மரம் எல்லாம் சுரண்டி முடிந்தது. வெளித்தோலின் உட்புறத்தையும் அதை ஒட்டிய பக்கங்களையும் மிஷின் போட்டுத் தேய்த்துத் துடைத்து வைத்துவிட்டு, தண்ணீரில் ஊறாத பிளைவுட் வாங்கப் பாரிமுனைக்குப் போனார் தாவீது. திரும்பும்போது பட்டறை பூட்டியாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை நான் அங்கே இருந்தேன். அன்பு அசிடோனில் நனைத்த துணியால் படகின் உட்புறத்தை ஒருமுறை துடைத்தார்.

"இன்னாண்ணா, கண்ணாடி மாரி வழுக்குது?"

"நா தேச்சதுடா" என்றார் தாவீது. முகத்தில் பெருமை.

ரெசின் தடவி, பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, கிளாம்பு போட்டு இறுக்கினார்கள். காய்ந்த பிறகு மேலே ஃபைபர் போர்த்தி, பக்கங்களோடு சேர்த்துக் கட்டினார்கள். இன்ஜின் போல்ட்டுக்கு ஓட்டை போட்டு, ஓட்டையின் உள்விளிம்புக்கெல்லாம் ரெசின் பூசி, பழைய சிவப்பு நிறமே அடித்தார்கள். பழுதுபார்த்த இன்ஜினை ஷாகுலின் மெக்கானிக் வந்து மாட்டிவிட்டுப் போனார். வரும் ஞாயிறு படகை இறக்குவது, மறுநாள் ரிசார்ட்டுக்காரர் வண்டி அனுப்பி எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை மதியம் சுவருக்கு அப்பால் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டும் சத்தம். நிற்கும், தொடரும். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அன்று நடந்ததைச் செல்வமேரி எனக்குப் பின்னால் சொன்னார். அன்புவும் உடனிருந்தார், இருவர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

நன்றாக ஒட்டிய பலகையைத் தட்டினால் கெட்டியான சத்தம் வரும். ஒட்டாத இடத்தில் பொக்கென்று கேட்கும். தாவீது தட்டிய இடமெல்லாம் பொக்கென்றது. மனைவியைக் கூப்பிட்டார்.

"மேரி, அன்னிக்கு சனிக்கெழம இத்தத் தொட்டியா?"

"எத்த?"

"படகு. உள்பக்கம்."

"வேக்ஸு போட்டேன். தேச்சுத் தொடச்சு வெச்சினு போயிருந்த. போடாம வுட்டா திங்கக்கெழம நீதான கத்துவ?"

"இது கழட்றதில்ல மேரி. ஒட்றது."

செல்வமேரிக்கு அப்போதுதான் விளங்கியது. நெஞ்சில் கைவைத்துக்கொண்டாராம். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அத்த வாயத் தொறந்து சொல்லணும். அந்தப் படகு வந்ததுலேந்து எங்கிட்ட ஒரு வார்த்த பேசினியா? எங்கப்பன் பட்டறையில தேச்சு வெச்சது மோல்டுன்னுதான் நா நெனப்பேன்."

"சரி வுடு."

"இன்னாத்த வுட்றது? போன் பண்ணு அந்தத் தம்பிக்கு. பிரிச்சு மறுக்கா ஒட்டலாம்."

"திங்கக்கெழம ரிசார்ட்டுக்காரன் தூக்கினு பூடுவான்."

"அவன் ஆளுங்க பிரிச்சு ஒட்டட்டும்."

"அப்ப ஓட்றது?"

"யோவ், ஓட்டலன்னா செத்தா பூடுவ?"

அதற்குத் தாவீது, இன்ஜின் போல்ட்டே பலகையைப் பிடித்துக்கொள்ளும், பாதி வேகத்தில் ஒரே ஒரு சுற்று போய்விட்டு வந்து தானே ஷாகுலிடம் சொல்லிவிடுவேன் என்றாராம். அன்புவைப் பார்த்து, "நீயும் வாயத் தொறக்காத" என்றாராம். செல்வமேரி அதற்குமேல் பேசவில்லை. தப்பு தன் கையால் நடந்தது என்கிற பயம் அவரைக் கட்டிப்போட்டுவிட்டது என்றார்.

ஞாயிறு கோயில் முடிந்து எல்லோரும் கோவளத்துக்குத் தெற்கே, ஷாகுலின் நண்பருக்குச் சொந்தமான தென்னந்தோப்பின் உப்பங்கழிக் கரைக்குப் போனோம். ஷாகுலின் மனைவி மெஹர் பானு எல்லோருக்கும் பிரியாணி கொண்டுவந்திருந்தார். மகள் ஃபாயிசா செல்போனோடு தயாராக நின்றாள். செல்வமேரி நல்ல சேலைதான் கட்டியிருந்தார், ஆனால் வண்டியிலிருந்து இறங்கியதிலிருந்து யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். காரணம் தெரியவில்லை.

தாவீது வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பேண்டும் போட்டிருந்தார். பேண்டைச் சுருட்டிக்கொண்டு, படகைத் தண்ணீருக்குள் தள்ளி ஏறிச் சுக்கானின் முன்னால் உட்கார்ந்தார். இன்ஜின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. அவர் விசையின் மேல் கையை வைத்திருந்தார். சிரிக்கவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர் சிரிக்கத் தேவையில்லை என்பதுபோல இருந்தார்.

அப்போது ஷாகுல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். படகின் மேல் தவழ்ந்து, முன்னால் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"ஃபாயிசா, எடும்மா. தாவீதண்ணே, இன்னைக்கு நான்தான் வெயிட்டு. எடுங்க, போலாம்!"

கரையில் எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். செல்வமேரி தட்டவில்லை.

தாவீது விசையிலிருந்து கையை எடுத்தார். "தம்பி, எறங்கு" என்றார்.

"சும்மா போங்கண்ணே. நீங்க படுக்கலையா எத்தினியோ தடவ?"

"நா ஒத்தையா ஒரு சுத்து போய்ட்டு வர்றேன். எறங்குப்பா."

"வெயிட் இல்லாம மூக்கு தூக்கும்னு நீங்கதான சொன்னீங்க? போங்கண்ணே, ஃபுல்லா விடுங்க."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்பலகை பேர்ந்தால் படகு மூக்கால் தண்ணீரில் குத்தும், முன்னால் படுத்தவன் கதி என்ன ஆகும் என்பது அங்கே இருந்தவர்களில் முன்னால் படுத்துப் பழகிய தாவீதுக்குத்தான் நன்றாகத் தெரியும்.  அவர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

"பலகை ஒட்டல."

"என்னது?"

"பின்பலகை ஒட்டல தம்பி. மேரி உள்ள வேக்ஸு போட்டுட்டா. பேந்துக்கும்."

எல்லோரும் செல்வமேரியைத் திரும்பிப் பார்த்தார்கள். மெஹர் பானு, ஃபாயிசா, தோப்புக்காரர், மெக்கானிக், நான், எல்லோரும். கையில் பிரியாணித் தட்டோடு நின்றிருந்த செல்வமேரியின் முகம் சிவந்தது. தட்டைக் கீழே வைத்தார்.

"போட்டேன். இல்லன்னு சொல்லல. உனுக்கு எப்பத் தெரியும்? சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாரி சொல்லு."

தாவீது அணைத்த இன்ஜினைத் திரும்பிப் பார்த்தார்.

"வெள்ளிக்கெழமையே தெரியும்" என்றார் செல்வமேரி. "நா போன் பண்ணச் சொன்னேன். அந்தா, அன்பு கீறான், கேளுங்க."

ஷாகுல் படகிலிருந்து தண்ணீரில் குதித்தார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, "தெரிஞ்சேவா என்னைப் படுக்க விட்டீங்க?" என்று கேட்டார்.

"நா எறங்கச் சொன்னேன்ல?"

"நான் வரலன்னா? நீங்க ஒரு ரவுண்டு ஓட்டிட்டு, நாளைக்கு அப்படியே அவங்களுக்குக் கொடுத்திருப்பீங்களா?"

"வந்து சொல்லிருப்பேன்."

"அத்தா உங்கள எவ்வளவு நம்பினாரு!"

"உங்கப்பாரு என்ன நம்பல தம்பி" என்றார் தாவீது. படகிலேயே உட்கார்ந்திருந்தார். "நா படுத்தா படகு மூக்கு தூக்காது. அவ்ளோதான்."

ஷாகுல் படகின் விளிம்பைப் பிடித்தார். அவரும் மெக்கானிக்கும் படகைக் கரைக்கு இழுத்தார்கள், தாவீதை உள்ளே வைத்தே. அடி மணலில் தட்டிய பிறகுதான் அவர் இறங்கினார். பிரியாணியை யாரும் சாப்பிடவில்லை. திரும்பும் வண்டியில் செல்வமேரி முன்னால் டிரைவர் பக்கத்திலும் தாவீது கடைசி வரிசையிலும் உட்கார்ந்தார்கள்.

ரிசார்ட்டுக்காரர் சொன்னபடி படகை எடுத்துக்கொண்டார். அவருடைய ஆட்கள் பலகையைப் பிரித்தபோது, வெளித்தோலிலிருந்து அது முழுசாக, துளி பிசிறு இல்லாமல் கழன்று வந்ததாம். நல்ல மோல்டிலிருந்து கழன்று வருவதைப் போல என்று அன்பு சொன்னார், அவர் வேடிக்கை பார்க்கப் போயிருந்தார். தாவீது வெட்டிய அதே பலகையை, அதே சாய்வில், மெழுகைச் சுரண்டிவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். படகு இப்போது ஓடுகிறது. விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு ஜெஃப்ரி என்ற பையன் ஓட்டுகிறான்.

செல்வமேரி அந்த வாரமே கணவரிடம் இரண்டே வார்த்தை சொன்னதாக ரோஸி சொன்னாள்: "பட்டறைக்கு வராத." மோல்டுகள் தனசிங்குடையவை, வாடகைச் சீட்டும் செல்வமேரி பேரில் இருக்கிறது. எதிர்த்துப் பேச தாவீதிடம் ஒன்றும் இல்லை. இப்போது தாயும் மகளும் அன்புவும் பட்டறையை நடத்துகிறார்கள். வேலை குறையவில்லை. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். சோறு போடுகிறார். பேசுவதில்லை. இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசிப் பார்த்தேன். செல்வமேரி ஒரே பதில்தான் சொன்னார்: "எம் மேல தப்பு இருக்குது சார். அத்த நானே சொல்லிருப்பேன். எல்லாரு முன்னாடியும் எம் பேர மொதல்ல சொன்னான் பாருங்க." அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

தாவீது நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாயில்காவலராக இருக்கிறார். சென்ற மாதம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனவன் அவரைப் பார்க்க இறங்கினேன். நீலச் சட்டை, பெரிதாக ஒரு தொப்பி. பிளாஸ்டிக் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். மழை, பேருந்து, முழங்கால் வலி என்று பேசிவிட்டுக் கேட்டேன்.

"அன்னைக்கு ஷாகுல் படகில ஏறாம இருந்திருந்தா?"

"ஓட்டிருப்பேன்."

"பலகை பேர்ந்திருந்தா?"

"பேந்திருக்கும்" என்றார். "அதுக்குள்ள நா ஓட்டிருப்பேன்ல?"

நான் பதில் சொல்வதற்குள் வெளியே ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்க் கேட்டைத் திறந்தார்.